பத்திரத்தில் 'அக்துயெல்மான்', மொழிபெயர்ப்பில் 'ஆக்சுவலி': இரண்டும் ஒன்றா?

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்)

எல்லோருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் ஜூனியராக இருக்கிறேன். எங்களிடம் வருவது பெரும்பாலும் சொத்து விவகாரம்தான். இப்போது பாண்டியில் பழைய வீடு ஒன்றை வாங்கப்போகிற கட்சிக்காரருக்காகத் தாய்ப்பத்திரத்திலிருந்து வரிசையாகப் பார்த்து ஒப்பீனியன் எழுத வேண்டும். தாய்ப்பத்திரம் 1938-ல் எழுதியது, முழுக்கப் பிரெஞ்சு. கூடவே ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைத்திருக்கிறார்கள்.

அதில் விற்றவரைப் பற்றிச் சொல்லும் இடத்தில், பிறந்தது புதுச்சேரி என்று எழுதிவிட்டு, 'ஹூ இஸ் ஆக்சுவலி ரிசைடிங் அட் காரைக்கால்' என்று வருகிறது. கட்சிக்காரர் இதைப் படித்துவிட்டுக் கலங்கிப்போனார். "உண்மையில் காரைக்காலில் குடியிருக்கிறவர்னா, அப்போ புதுச்சேரின்னு எழுதினது பொய்யா? ஆள்மாறாட்டம் ஏதாவது இருக்குமா?" என்று நேற்று இரண்டு தடவை போன் செய்துவிட்டார். மூலத்தில் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்: 'தெமெரான் அக்துயெல்மான் அ கரிக்கால்'. எனக்குப் பிரெஞ்சு தெரியாது. 'ஆக்சுவலி' மாதிரியே இருப்பதால் மொழிபெயர்ப்பு சரியாகத்தான் இருக்கும் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். பாங்குக்கோ எதிர்த்தரப்பு வக்கீலுக்கோ கடிதம் எழுதும்போது வரியை 'ஆக்சுவலி' என்று ஆரம்பித்தால் எங்கள் சீனியர் அதை மட்டும் அடித்துவிடுவார். ஏன் என்று சொல்ல மாட்டார். நாம் நாள் முழுக்க 'ஆக்சுவலா, ஆக்சுவலா' என்றுதானே பேசுகிறோம்? அந்தச் சொல்லுக்குச் சரியான அர்த்தம்தான் என்ன, எங்கிருந்து வந்தது? விவரமாகச் சொன்னால் நல்லது.

லாஸ்பேட்டைக்காரன்

பத்திரம் பற்றி எனக்குத் தெரியாது, கடிதத்துக்கு மட்டும் சொல்கிறேன். தினம் வெளிநாட்டு ஆட்களோடு பேசுகிற வேலை என்னுடையது.

நாம் தமிழில் 'ஆக்சுவலா' என்று ஆரம்பிப்பது 'விஷயம் என்னன்னா' என்கிற மாதிரி. தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குகிறோம், அவ்வளவுதான். இங்கிலாந்துக்காரர் காதில் அது அப்படி விழாது. வரியின் தலையில் 'ஆக்சுவலி' வந்தாலே 'நீங்கள் நினைத்தது தப்பு, நான் திருத்துகிறேன்' என்று கேட்கும். 'ஆக்சுவலி, வீ சென்ட் த பேப்பர்ஸ் ஆன் மண்டே' என்று எழுதினால், 'வரவில்லை என்கிறீர்களே, நாங்கள் திங்கட்கிழமையே அனுப்பியாயிற்று' என்று குத்திக்காட்டுவது போல. நீங்கள் பணிவாகத்தான் எழுதியிருப்பீர்கள், போய்ச் சேருகிறபோது சூடாகிவிடும். உங்கள் சீனியர் அடித்தது சரி. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், தகவல் எதுவும் குறையாது.

மிஷன் வீதி

அம்மா, முதலில் உங்கள் கட்சிக்காரருக்கு இன்றைக்கே போன் செய்து தைரியம் சொல்லுங்கள். அந்தப் பத்திரத்தில், நீங்கள் எழுதிக் காட்டிய வரியைப் பொறுத்தவரை, பொய்யும் இல்லை, ஆள்மாறாட்டமும் இல்லை. 'அக்துயெல்மான்' என்றால் 'தற்போது'. புதுச்சேரியில் பிறந்தவர், பத்திரம் எழுதிய தேதியில் காரைக்காலில் குடியிருந்தார். வரி சொல்வது அதைத்தான். ஒரே பெயரில் பலர் இருக்கும் ஊரில் இன்னார்தான் இவர் என்று காட்டப் பிறந்த இடமும் தற்போதைய குடியிருப்பும் சேர்த்து எழுதுவார்கள். நீங்கள் சந்தேகப்பட்ட வரி ஆளை அடையாளம் காட்டவே எழுதிய வரி.

ஓய்வு பெறும்வரை பிரெஞ்சுப் பத்திரங்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் பெயர்ப்பதுதான் என் தொழில். பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு, உயில், விக்கிரயம் எல்லாம் இந்தக் கையில் வந்து போனவை. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் தாளின் தலைப்பைப் பாருங்கள். 'அக்த் தெ வான்த்' என்று இருக்கும், விக்கிரயப் பத்திரம். பிறப்புச் சான்று கேட்டால் 'அக்த் தெ நெசான்ஸ்' என்று கொடுப்பார்கள். அந்த 'அக்த்'தும் நீங்கள் கேட்கும் 'அக்துயெல்மா'னும் ஒரே வேரில் முளைத்தவை. லத்தீனில் 'அகெரே' என்றால் ஓட்டுதல், நடத்துதல், செய்தல். அதிலிருந்து 'ஆக்துஸ்', அதாவது செயல். செய்து முடித்ததை எழுதிவைத்தால் அதுவும் 'அக்த்'. ஆங்கிலத்தில் சட்டத்தை 'ஆக்ட்' என்கிறோமே, அதுவும் இதுதான். ஏஜென்ட், ஆக்டர், அஜெண்டா எல்லாமே இந்த வீட்டுப் பிள்ளைகள்.

செயலிலிருந்து 'உண்மையில்' எப்படி வந்தது, 'தற்போது' எப்படி வந்தது? அதற்கு ஒரு பழைய தத்துவப் பேச்சு காரணம். ஒன்று ஆகக்கூடிய நிலையில் இருப்பது வேறு, ஆகியே நிற்பது வேறு என்று அரிஸ்டாட்டில் பிரித்தார். பண்ருட்டிப் பலாக்கொட்டைக்குள் மரம் ஆகக்கூடிய நிலையில் இருக்கிறது, தோப்பில் காய்த்துத் தொங்குகிற மரம் ஆகியே நிற்கிறது. இந்த இரண்டாம் நிலைக்கு இடைக்கால லத்தீன் அறிஞர்கள் வைத்துக்கொண்ட சொல் 'ஆக்துஸ்'. அதையொட்டி 'ஆக்துவாலிஸ்' என்ற பெயரடை. இப்போது தோப்பில் நிற்கும் மரத்தைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்லலாம். 'வெறும் சாத்தியம் இல்லை, நிஜமாகவே இருக்கிறது' என்று அழுத்தலாம். 'இதோ இந்த நேரத்தில் இருக்கிறது' என்றும் அழுத்தலாம். ஆங்கிலம் முதல் அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டது, பிரெஞ்சு இரண்டாவதை. அதனால்தான் பிரெஞ்சில் நடப்புச் செய்திகளுக்கு 'அக்துயலிதே' என்று பெயர். ஜெர்மன், ஸ்பானியம், இத்தாலியம், போர்த்துகீசியம் எல்லாவற்றிலும் இந்தச் சொல்லின் உறவுகள் 'நடப்பு, தற்போது' என்ற பக்கமே நிற்கின்றன. தனியாக நிற்பது ஆங்கிலம்தான்.

ஆங்கிலத்துக்கு 'ஆக்சுவல்' 14-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாகப் போனது. போன புதிதில் அதற்கு 'செயல் சார்ந்த' என்றே பொருள். 15-ம் நூற்றாண்டில் 'ஆக்சுவலி' என்றால் முனைப்போடு, செயலூக்கத்தோடு என்றும் இருந்தது. 'நிஜத்தில்' என்ற பொருளும் அப்போதே தலைகாட்டிவிட்டது. 17-ம் நூற்றாண்டில் 'தற்போது' என்ற பொருள்கூட ஆங்கிலத்தில் எட்டிப்பார்த்தது, வேர் பிடிக்கவில்லை. இன்று நாம் கேட்கிற 'சொல்லப்போனால், நிஜத்தைச் சொன்னால்' என்ற அழுத்தப் பொருள் 18-ம் நூற்றாண்டிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பழைய 'செயல்' பொருள் எங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது தெரியுமா? நம் ஊரில், தமிழில் இருக்கிறது. சம்பா கோவில் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் ஞானோபதேசத்தில் பாவம் இரண்டு வகை: ஜென்மபாவம், கர்மபாவம். என் ஆத்தா திண்ணையில் உட்கார்ந்து எங்களுக்கு மனப்பாடம் செய்வித்தது. பிறப்போடு வருவது ஜென்மபாவம். நாமே செய்து சேர்ப்பது கர்மபாவம். இந்தக் கர்மபாவத்துக்கு ஆங்கிலத்தில் 'ஆக்சுவல் சின்', பிரெஞ்சில் 'பெஷே அக்துயெல்'. 'உண்மையான பாவம்' என்றோ 'தற்போதைய பாவம்' என்றோ பெயர்த்திருந்தால் எவ்வளவு கெட்டிருக்கும்! அதைத் தமிழில் வைத்தவர்கள் வேரைத் தொட்டு, செயல் என்ற பொருளில் 'கர்ம' என்று எழுதினார்கள். மொழிபெயர்ப்பில் நான் தலைவணங்குகிற சொற்களில் அது ஒன்று.

இன்னொன்று கவனியுங்கள். ஆங்கிலத்தில் உண்மையை அழுத்திச் சொல்ல மூன்று சொல் அடிக்கடி வரும்: ஆக்சுவலி, இன் ஃபாக்ட், இன்டீட். 'ஃபாக்ட்' என்பது லத்தீனில் 'செய்யப்பட்டது'. பழைய ஆங்கிலச் சட்டத்தில் 'ஃபாக்ட்' என்றாலே குற்றச் செயல்தான். 'ஆக்சசரி ஆஃப்டர் த ஃபாக்ட்' என்று நீங்கள் படித்திருப்பீர்களே, குற்றம் நடந்தபின் உடந்தையானவர். 'இன்டீட்' என்பதைப் பிரித்தால் 'இன் டீட்', செயலில். மூன்றுமே 'செய்ததுதான் உண்மை' என்ற பிடியில் நிற்கின்றன. நமக்கு உண்மை என்பது உள் என்ற அடியிலிருந்து வந்தது, உள்ளது உண்மை. அவர்கள் செய்ததைப் பார்க்கிறார்கள், நாம் இருப்பதைப் பார்க்கிறோம். 'ஆக்சுவலி'க்கு நேராக 'உண்மையில்' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

செயலில் ஒன்று, சட்டத்தில் ஒன்று என்ற வித்தியாசம் புதுச்சேரிக்காரனுக்குச் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1954 நவம்பர் 1-ல் நடந்தது 'தெ ஃபாக்தோ' கைமாற்றம், நிர்வாகம் செயலில் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தானது. சட்டப்படிக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். நடுவில் ஏறத்தாழ எட்டு ஆண்டு, செயலில் ஒன்று, சட்டத்தில் வேறொன்று. அந்த இடைக்காலத்துப் பத்திரங்களில் 'அக்துயெல்மான்' என்று வந்தால், எந்தத் தேதியைச் சொல்கிறது என்று நான் தாளின் அடிவரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பேன். பிரெஞ்சுக் குடியுரிமைக்காக அந்தத் தாளைக் கொண்டுவந்தவருக்கு ஒரு சொல் பிசகினால் தூதரகத்தில் அலைய வேண்டியிருக்கும். சின்னச் சொல் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

உங்கள் மொழிபெயர்ப்பில் இருக்க வேண்டியது 'அட் பிரசன்ட் ரிசைடிங் அட் காரைக்கால்'. 'ஆக்சுவலி' அங்கே தவறு. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.

நெல்லித்தோப்பு டீச்சர்

பெரியவர் சொன்னதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. பள்ளியில் பிரெஞ்சு சொல்லித்தருகிறேன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

பிள்ளைகள் இதே குழியில் எதிர்ப்பக்கத்திலிருந்து விழுவார்கள். 'ஆக்சுவலா எனக்கு உடம்பு சரியில்ல டீச்சர், அதான் வரல' என்பதை அப்படியே பிரெஞ்சில் வைக்கும்போது 'அக்துயெல்மான்' என்று ஆரம்பிப்பார்கள். படிக்கிறவருக்கு 'தற்போது எனக்கு உடம்பு சரியில்லை' என்று ஆகிவிடும், போன வாரம் காய்ச்சல் என்பது போயே போச்சு. நம் 'ஆக்சுவலா'வுக்குப் பிரெஞ்சில் 'ஆன் ஃபெத்' என்று சொல்ல வேண்டும். 'நெசமாவே' என்று அழுத்த 'வ்ரெமான்'. இந்த மாதிரி ஒலியால் ஏமாற்றும் இணைகளுக்குப் பிரெஞ்சில் 'ஃபோ ஸாமி', பொய் நண்பர்கள் என்று பெயர்.

தங்கச்சி, உங்களுக்கு வேலையில் இதைவிட ஆபத்தான ஒரு பொய் நண்பன் இருக்கிறான்: 'எவான்துயெல்மான்'. ஆங்கிலத்தில் 'ஈவென்சுவலி' என்றால் கடைசியில், நாளடைவில், எப்படியும் நடந்தே தீரும். பிரெஞ்சில் அதன் பொருள் 'நேர்ந்தால், தேவைப்பட்டால்', நடக்காமலும் போகலாம். ஒப்பந்தத்தில் 'நேர்ந்தால் கொடுப்பார்' என்பதைக் 'கடைசியில் கொடுப்பார்' என்று பெயர்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆங்கிலத்தில் 'ஆக்சுவலி' நிற்கிற இடத்தையும் பார்க்க வேண்டும். தலையில் நின்றால் திருத்தம், லாஸ்பேட்டைக்காரர் சொன்னது அதுதான். நடுவில், வினைக்குப் பக்கத்தில் நின்றால் வியப்பு: 'ஹி ஆக்சுவலி கேம்' என்றால் வரமாட்டான் என்று நினைத்தோம், வந்தே விட்டான். இந்த வியப்பைத் தமிழில் ஒரு 'ஏ' செய்துவிடுகிறது, தனிச் சொல்லே தேவையில்லை. கடைசியில் நின்றால் கொஞ்சம் மென்மை: 'ஐ லைக் இட், ஆக்சுவலி' என்றால் 'எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு'. நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள் என்ற நிழல் மூன்று இடத்திலும் உண்டு. கேட்பவர் மனசில் வேறு எண்ணம் எதுவும் இல்லாதபோது இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பெரிதாக வேலை கிடையாது.

வகுப்பில் நான் சொல்லி மகிழ்கிற ஒன்றும் இருக்கிறது. வால்களைப் பாருங்கள். ஆங்கில 'லி' பழைய ஆங்கிலத்தில் உடல், வடிவம் என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சு 'மான்' லத்தீனில் மனம் என்ற சொல்லிலிருந்து. நாம் 'ஆக்சுவலி'யை வாங்கும்போது அந்த வாலை அங்கேயே விட்டுவிட்டு, 'ஆக்சுவல்' மட்டும் எடுத்து 'ஆக' சேர்த்து 'ஆக்சுவலா' என்று நம் இலக்கணப்படி வினையடை செய்துகொண்டோம். நார்மலா, ஜெனரலா எல்லாம் அப்படித்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல் மீன் மார்க்கெட்டிலிருந்து காலேஜ் வரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள் என்பதை நினைக்கும்போது எனக்குப் பூரிப்பாக இருக்கும். அதனால் தமிழில் 'ஆக்சுவலா' சொல்கிறவர்களை நான் கண்டிப்பதில்லை. அது இப்போது நம் சொல், நம் வேலையைச் செய்கிறது. ஆங்கிலக் கடிதத்துக்குள் அதை அப்படியே கூட்டிக்கொண்டு போகக் கூடாது, அவ்வளவுதான்.

கெடிலக்கரை

ஐயா, அக்கா, அண்ணா, மூவருக்கும் நன்றி. கட்சிக்காரரிடம் பேசிவிட்டேன், மூச்சு விட்டார். கர்மபாவம் பற்றி ஐயா எழுதியதை ஆபீஸில் உரக்கப் படித்துக் காட்டினேன். எங்கள் கிளார்க் அம்மா சின்ன வயசில் படித்த ஞானோபதேசக் கேள்வி பதிலை அப்படியே ஒப்பித்துவிட்டார்.

இரண்டு சந்தேகம் மிச்சம். 'அட் பிரசன்ட்' என்பதற்குப் பதில் 'பிரசன்ட்லி' என்று போடலாமா? அடுத்து, தவறான மொழிபெயர்ப்பில் நானே அடித்துத் திருத்தி இனிஷியல் போட்டால் போதுமா?

மிஷன் வீதி

'பிரசன்ட்லி' வேண்டாம் அம்மா. நம் ஆபீஸ்களிலும் அமெரிக்காவிலும் அதற்கு 'இப்போது' என்று பொருள். இங்கிலாந்தில் பலர் அதைச் 'சீக்கிரம், சற்று நேரத்தில்' என்றே எடுத்துக்கொள்வார்கள். 'சீக்கிரம் காரைக்காலில் குடியேறப் போகிறவர்' என்று ஒருவர் படித்தால் மறுபடி போன் வரும். 'அட் பிரசன்ட்' எல்லோருக்கும் ஒரே பொருள். 'நவ்' என்று போட்டால் இன்றைய தேதியில் குடியிருப்பது போலத் தொனிக்கலாம், 1938 பத்திரத்துக்கு அது பொருந்தாது.

நீங்கள் கை வைக்காதீர்கள். கையெழுத்திட்டுக் கொடுத்த மொழிபெயர்ப்பில் வேறொருவர் பேனா பட்டால், பிறகு முழுத்தாளையும் சந்தேகிப்பார்கள். செய்தவரிடமே திருப்பிக் கொடுத்து, வரியைக் காட்டி, திருத்திய பிரதியைப் புதுத் தேதியோடும் கையெழுத்தோடும் வாங்குங்கள். அவர் கிடைக்காவிட்டால் வேறு மொழிபெயர்ப்பாளரிடம் மூலத்தைக் கொடுத்து முழுதும் புதிதாக எடுங்கள். கேள்வி எழுந்தால் மூலம்தான் பேசும், அதனால் மூலத்தின் நல்ல நகலை மொழிபெயர்ப்போடு சேர்த்தே தையுங்கள். உங்கள் ஒப்பீனியனில், இந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சில் 'தற்போது' என்றே பொருள், பத்திரத் தேதியில் விற்றவரின் குடியிருப்பை அது குறிக்கிறது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நாளைக்கு வீட்டைக் கடனுக்கு வைக்கும்போது பாங்கு வக்கீல் இதே கேள்வியைக் கேட்பார்.

டீச்சர் சொன்ன 'எவான்துயெல்' என்ற சொல் பத்திரத்தில் எங்காவது வருகிறதா என்றும் தேடுங்கள். வாரிசுகளைப் பற்றிச் சொல்லும் பத்தியிலும், பாக்கித் தொகை பற்றிய பத்தியிலும் முதலில் பாருங்கள். இருந்தால் அந்த வரியை மட்டும் பெயர் விலாசம் இல்லாமல் இங்கே எழுதுங்கள், படித்துச் சொல்கிறேன்.